கயிற்றின் மறுமுனை

நுழையும்முன்

வாயில்லா உயிர்கள் என்று விலங்குகளைப் பரிவோடு குறிப்பிடுகிறோம். அவை வயலில் புகுந்து மேய்ந்தாலும் தெருவில் ஒருவரைக் கடித்தாலும் மன்றத்தில் வந்து விடைசொல்ல அவற்றால் இயலாது. ஆகவே, விலங்குகளைப் பற்றிய சட்டங்கள் யாவும் மனிதரை நோக்கியே பேசுகின்றன. விலங்கு வளர்ப்பை முறைப்படுத்தும் விதிகள் எவ்வாறு தோன்றின, அவை யாரிடம் எதனை எதிர்பார்க்கின்றன என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

உடைமையும் பொறுப்பும்

தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருளுண்டு. ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், கவர்ந்த ஆநிரையை மீட்டலைக் கரந்தை என்றும் புறப்பொருள் இலக்கணம் பெயரிட்டது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. மகேந்திரவர்மன் காலத்தில் எழுப்பப்பட்ட அக்கல், எருமைகளைக் காக்கப் போரிட்டு மாய்ந்த கருந்தேவகத்தி என்னும் வீரனையும், அவனோடு நின்று கள்வரைக் கடித்துக் காவல்புரிந்த கோவிவன் என்னும் நாயையும் நினைவுகூர்கிறது. அக்கல்லில் வீரனுக்கு மட்டுமன்றி நாய்க்கும் உருவம் உண்டு, பெயரும் உண்டு.

பெயரிட்டு வளர்க்கப்பட்ட விலங்குக்கு உரியவர் யார் என்பதை ஊர் அறிந்திருந்தது. மாடுகள் மேய்வதற்கெனப் பொதுநிலம் இருந்தது. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டால் வயலுக்கு உரமும் ஆட்டுக்குத் தீனியும் கிடைத்தன. ஓரிடத்தில் நில்லாத மாட்டின் கழுத்தில் கட்டையைத் தொங்கவிட்டனர். இவையெல்லாம் ஏட்டில் எழுதப்படாத ஊர்விதிகள். இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் நிறைந்துள்ள சென்னை மந்தைவெளி, ஒரு காலத்தில் மந்தைகள் மேய்ந்த வெளி என்பதை அதன் பெயரே உணர்த்தும். மேய்ச்சல் நிலம் சுருங்கி மக்கள் நெருங்கி வாழத் தொடங்கியபோது, வாய்மொழி வழக்கங்கள் போதாமல் எழுதப்பட்ட சட்டங்கள் தேவைப்பட்டன.

பட்டியும் பறையும்

இந்திய அளவில் இவ்வகைச் சட்டங்களுள் பழைமையானவற்றுள் ஒன்று, 1871ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கால்நடை அத்துமீறல் சட்டம். பிறர் நிலத்தில் புகுந்து பயிரை அழிக்கும் கால்நடைகளைப் பிடித்து அடைப்பதற்குரிய பட்டிகளை இச்சட்டம் ஏற்படுத்தியது. ஊர்மக்கள் இதனைப் ‘பவுண்டு’ என்றே வழங்கினர். ஆடு, மாடு, எருமை, குதிரை, கழுதை, பன்றி ஆகியவற்றோடு யானையும் ஒட்டகமும்கூட இச்சட்டத்தில் கால்நடை என்னும் சொல்லுக்குள் அடங்கின.

அச்சட்டத்தின் நடைமுறையை உற்றுநோக்கினால் அதன் நோக்கம் தெளிவாகும். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடிக்க நிலத்துக்குரியவர்க்கு உரிமை உண்டு. ஆனால், பிடித்த மாட்டை 24 மணி நேரத்திற்குள் பட்டிக்கு அனுப்பிவிட வேண்டும். தம் வீட்டில் கட்டிவைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. பட்டிக்காப்பாளர் அதனைப் பதிவேட்டில் எழுதி, ஒப்படைத்தவருக்கு அப்பதிவின் நகலை வழங்க வேண்டும். அடைபட்ட மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் தர வேண்டும். உரியவர் வந்து, அபராதத்தையும் தீனிச்செலவையும் செலுத்தினால் மாட்டை மீட்டுக்கொள்ளலாம். ஏழு நாள்களில் எவரும் வரவில்லையெனில் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காவல் அலுவலர் அறிவிப்பு ஒட்டுவதோடு, மாடு பிடிபட்ட இடத்திற்கு அருகிலுள்ள ஊரிலும் சந்தையிலும் பறையறைந்து அறிவிக்கச் செய்ய வேண்டும். மேலும் ஏழு நாள்கள் கழிந்த பின்னரே மாட்டைப் பொது ஏலத்தில் விற்கலாம். அந்த ஏலத்தில் பட்டிக்காப்பாளரோ காவல் அலுவலரோ நேராகவும் மறைமுகமாகவும் மாட்டை வாங்கக் கூடாது.

இவ்விதிகளுள் ஒன்றுகூட மாட்டுக்குத் தண்டனை விதிக்கவில்லை. பயிரை இழந்தவரின் சினத்துக்கும் பட்டிக்காப்பாளரின் அலட்சியத்துக்கும் அலுவலரின் ஆசைக்கும் எல்லை வகுக்கப்படுகிறது. மாட்டை அவிழ்த்துவிட்டவர் பணம் செலுத்துகிறார். மாடோ பட்டியிலும் பசியின்றி நிற்கிறது. பிற்காலத்தில் எழுந்த விலங்கு வளர்ப்பு விதிகள் அனைத்திலும் இந்த அடிப்படையையே காணலாம்.

அதிகாரம் யாருக்கு?

விலங்குகள் தொடர்பான அதிகாரத்தை நம் அரசமைப்புச் சட்டம் மூன்று நிலைகளில் பகிர்ந்தளித்துள்ளது. விலங்குவதைத் தடுப்பும் காட்டுயிர்ப் பாதுகாப்பும் ஒன்றிய அரசும் மாநில அரசும் சட்டமியற்றத்தக்க பொதுப்பட்டியலில் உள்ளன. கால்நடை அத்துமீறலைத் தடுப்பதும் கால்நடை நோய்த்தடுப்பும் மாநிலப் பட்டியலில் உள்ளன. 74ஆவது திருத்தத்தின்வழிச் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, கால்நடைப் பட்டிகளையும் விலங்குவதைத் தடுப்பையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. தெருவைக் காப்பதும் தெருவில் திரியும் விலங்கைக் காப்பதும் ஒரே அமைப்பின் பணி என்பதை இது காட்டுகிறது.

தமிழ்நாட்டில், நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதைக் கட்டுப்படுத்தி ஒழுங்குபடுத்த 1997ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சாலைகளில் மாடுகளைத் திரியவிடுவோர்க்குப் பெருநகரங்களில் அபராதம் விதிக்கப்படுகிறது. பால் கறக்கும் வேளையில் மாட்டைத் தேடுபவர், மற்ற வேளைகளில் அதனைக் குப்பைத்தொட்டியில் மேயவிடுவது இச்சிக்கலின் வேராகும். நெகிழிப்பையோடு உணவை விழுங்கும் மாடு நோயுறுகிறது. இரவில் சாலை நடுவே படுத்திருக்கும் மாட்டின்மீது மோதி இருசக்கர வண்டியில் வருபவர் உயிரிழக்கிறார். அதேவேளையில், நகரில் மாடு வளர்ப்போர் பலர் சிறுவருவாய்க் குடும்பத்தினர். தொழுவம் அமைக்க இடமில்லாதவர்கள். அபராதம் விதிக்கும் உள்ளாட்சி அமைப்பு, மாடுகளைக் கட்டுவதற்குப் பொதுத்தொழுவம் அமைத்துத் தருவதையும் தன் கடமையாகக் கொண்டால்தான் விதி முழுமையடையும்.

உரிமம் எதற்கு?

வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் உரிமம் பெற வேண்டும் என்றால் பலர் வியப்படைகின்றனர். ‘என் வீட்டு நாய்க்கு அரசின் அனுமதி எதற்கு?’ என்னும் வினா எழுகிறது. உரிமம் என்பது வரி வாங்கும் வழியன்று. சென்னை மாநகராட்சியில் ஆண்டு உரிமக் கட்டணம் 50 ரூபாய். ஆனால், வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி செலுத்தியதற்கான சான்று இல்லாமல் அந்த உரிமம் கிடைக்காது. உரிமத்தின் உயிர்நாடி இச்சான்றிலேயே உள்ளது.

ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய், அறிகுறிகள் தோன்றிய பின்னர் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிக்கும் நோய். மனிதர்க்கு இந்நோய் பரவும் நேர்வுகளில் 99 விழுக்காடு வரை நாய்களின் வழியாகவே நிகழ்கின்றன என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஒரு பகுதியிலுள்ள நாய்களுள் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி செலுத்திவிட்டால், நோய் ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்குத் தொடர்ந்து செல்லும் சங்கிலி அறுபடும். எத்தனை நாய்கள் உள்ளன, அவற்றுள் எத்தனைக்கு ஊசி போடப்பட்டது என்பது தெரியாமல் இந்த 70 விழுக்காட்டை எட்டியதாக எவரும் சொல்ல இயலாது. அக்கணக்கைத் தருவது உரிமப் பதிவேடே. தம் நாய்க்கு உரிமம் பெறுபவர், தம்மை அறியாத ஒரு குழந்தையின் உயிரையும் காக்கிறார்.

சென்னையில் வளர்ப்பு நாய்களுக்கு ‘மைக்ரோசிப்’ எனப்படும் நுண்சில்லு பொருத்துவதும் இப்போது உரிம நடைமுறையோடு இணைக்கப்பட்டுள்ளது. அரிசிமணி அளவுள்ள இச்சில்லு, ஊசியின் வழியே தோலுக்கடியில் செலுத்தப்படுகிறது. அதில் 15 இலக்க எண் ஒன்று பதிந்திருக்கும். படிப்பான் கருவியை அருகில் கொண்டுசென்றால் அந்த எண் தெரியும்; எண்ணைக் கொண்டு உரிமையாளரைக் கண்டறியலாம். நாய் எங்கே செல்கிறது என்பதை இச்சில்லு காட்டாது. நாய் யாருடையது என்பதை மட்டுமே அது சொல்லும். தொலைந்த நாய் வீடு திரும்பவும், நோயுற்ற நாயைத் தெருவில் விட்டுச்செல்பவர் மறைந்துகொள்ளாதிருக்கவும் இது உதவும். 2025ஆம் ஆண்டின் இறுதியில், உரிமம் பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கச் சென்னை மாநகராட்சி முடிவுசெய்தது. பொது இடத்தில் நாயைக் கழுத்துப்பட்டையும் கயிறும் இன்றி அழைத்துச்செல்லக் கூடாது என்பதும் விதியாகும். கடிக்கும் இயல்புடைய நாய்க்கு வாய்மூடியும் அணிவிக்க வேண்டும்.

‘என் நாய் ஒன்றும் செய்யாது’ என்பது நாய் வளர்ப்போர் பலர் கூறும் சொல். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், எதிரே வரும் முதியவருக்கும் சிறுவனுக்கும் அந்த நாயோடு பழக்கமில்லை. நாய்க்கும் அவர்களோடு பழக்கமில்லை. கயிறு, நாயின் மீதுள்ள ஐயத்தால் கட்டப்படுவதில்லை. எதிரே வருபவரின் அச்சத்தை மதித்துக் கட்டப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

நாயோ பூனையோ குரங்கோ கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே செய்ய வேண்டியவை:

• காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும்.
• மஞ்சள்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் முதலியவற்றைத் தடவக் கூடாது.
• காயம் சிறிதாயினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருத்துவர் குறிப்பிடும் நாள்களில் எல்லாத் தவணை ஊசிகளையும் தவறாமல் செலுத்திக்கொள்ள வேண்டும்.
• வீட்டில் திட்டுவார்கள் என்று அஞ்சிக் கடிபட்டதை மறைக்கக் கூடாது.

இந்நோய்க்கான தடுப்பூசியை லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செலுத்தி உயிர்காத்தார். நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் இத்தடுப்பூசித் தயாரிப்பில் நீண்ட வரலாறு உடையது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் நாள் உலக வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

உரியவர் இல்லாத உயிர்கள்

மாட்டுக்கு உரியவர் உண்டு. வீட்டு நாய்க்கும் உண்டு. தெருநாய்க்கு யார் பொறுப்பு? விலங்கு வளர்ப்பு விதிகளுள் மிகுந்த கருத்து மோதலுக்கு உள்ளாகும் இடம் இதுவே.

தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே தீர்வு என்று நகராட்சிகள் நெடுங்காலம் கருதின. ஆண்டுதோறும் கொன்றும் நாய்களின் எண்ணிக்கை குறையவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஒரு தெருவில் எத்தனை நாய்கள் வாழலாம் என்பதை அங்குக் கிடைக்கும் உணவே முடிவுசெய்கிறது. இறைச்சிக் கழிவும் எஞ்சிய சோறும் தெருவில் குவிந்திருக்கும் வரை, ஒரு கூட்டத்தை அகற்றினால் அயல்தெருவிலிருந்து மற்றொரு கூட்டம் வந்து சேரும். புதிதாக வரும் நாய்கள் தடுப்பூசி போடப்படாதவையாகவும் அப்பகுதி மக்களோடு பழகாதவையாகவும் இருக்கும். ஆகவே, கொல்வதால் ஆபத்து குறைவதற்கு மாறாகக் கூடவும் நேர்ந்தது.

கொல்வதற்கு மாற்றாக, கருத்தடை அறுவை செய்து, தடுப்பூசி செலுத்தி, பிடித்த இடத்திலேயே விடும் முறையைச் சென்னையிலுள்ள இந்தியப் புளூ கிராஸ் அமைப்பு 1960களிலிருந்தே வலியுறுத்தி வந்தது. 1990களின் நடுப்பகுதியில் சென்னை மாநகராட்சி அதனை ஏற்றது. 2001ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு இம்முறையை நாடு முழுமைக்கும் விதியாக்கியது. அவ்விதிகளுக்கு மாற்றாக 2023ஆம் ஆண்டில் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வெளிவந்தன. வளர்ப்பு விலங்குக்கு அதன் உரிமையாளரும், தெருவிலங்குக்கு உள்ளாட்சி அமைப்பும் பொறுப்பு என இவ்விதிகள் பகுத்துரைக்கின்றன. அறுவை முடிந்த நாயின் காதில் அடையாளமாகச் சிறு வெட்டு இடப்படும். காதில் அவ்வடையாளமுள்ள நாயைத் தெருவில் கண்டால், அது இனப்பெருக்கம் செய்யாது, ஒருமுறையேனும் தடுப்பூசி பெற்றது என அறியலாம்.

தெருநாய்களுக்கு உணவிடுவோர்க்கும் இவ்விதிகள் வழிகாட்டுகின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, குடியிருப்பின் நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து விலகிய ஓரிடத்தைக் குடியிருப்போர் நலச்சங்கம் குறித்துத் தர வேண்டும். உணவிடுபவர் அவ்விடத்தைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், தில்லியிலும் அதனையொட்டிய பகுதிகளிலும் உள்ள தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஆணையிட்டது. ஆகஸ்டு 22ஆம் நாள் மூவர் அமர்வு அதனைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் உள்ளவை, அந்நோய் ஐயத்துக்குரியவை, மூர்க்கமானவை ஆகியவற்றை விடக் கூடாது. உணவிடுவதற்கு வார்டுதோறும் தனியிடம் அமைக்க வேண்டும் என்பன அத்திருத்தத்தின் சாரம். நவம்பர் 7ஆம் நாள், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம் முதலிய வளாகங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கே விடக் கூடாது எனவும் நீதிமன்றம் ஆணையிட்டது. மூன்று மாதங்களுக்குள் மூன்று ஆணைகள் பிறந்ததிலிருந்தே இச்சிக்கலின் அருமையை உணரலாம். கடிபட்ட குழந்தையின் பெற்றோர் எழுப்பும் குரலும் நியாயமானது. பேசவியலாத உயிருக்காகப் பேசுவோரின் குரலும் நியாயமானது. இருவரும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதுவதால் பயனில்லை. அறுவை மையங்களும் மருத்துவர்களும் தடுப்பூசியும் தூய்மைப் பணியும் போதிய அளவில் அமைந்தால் இரு குரல்களுக்கும் விடை கிடைக்கும்.

வளர்ப்பவரின் கடமைகள்

விலங்கினால் பிறர்க்குத் தீங்கு நேராமல் காப்பது வளர்ப்பவரின் ஒரு கடமை. அவ்விலங்குக்குத் தம்மால் தீங்கு நேராமல் காப்பது மற்றொரு கடமை. மாநிலங்களவையில் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் சட்டமுன்வடிவு, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிகோலியது. 1962ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இந்திய விலங்குநல வாரியத்துக்கு அவரே தலைமையேற்றார்.

விலங்கை அடிப்பது மட்டுமே வதை என நாம் எண்ணுகிறோம். இச்சட்டமோ, போதிய உணவும் நீரும் இடமும் தராதிருத்தல், மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியால் நெடுநேரம் பிணைத்தல், நாயை நடமாடவிடாமல் எப்போதும் கட்டியே வைத்தல், தக்க காரணமின்றிக் கைவிடுதல் ஆகியவற்றையும் வதை என்கிறது. முதன்முறைக் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரை என 1960இல் வகுக்கப்பட்ட அபராதம், இன்றைய மதிப்பில் ஒரு தேநீர்ச் செலவுக்கே ஈடாகும். ஆயினும், வேறு சட்டங்கள் கடுமை காட்டுகின்றன. விலங்கைக் கொல்லுதல் அல்லது ஊனப்படுத்துதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியது. தம் விலங்கால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ கேடு நேராதவாறு காக்கத் தவறுபவர்க்கு 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். விலங்கிடம் கொடுமை காட்டுபவரும் குற்றவாளி. விலங்கைக் கட்டுப்படுத்தாதவரும் குற்றவாளி.

சில உயிர்களை அன்போடும் வளர்க்க இயலாது. நம் ஊர்ப் பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை ஆகியவை 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படுபவை. கூண்டில் வளரும் பச்சைக்கிளி, பெரும்பாலும் மரப்பொந்திலிருந்து குஞ்சாக எடுத்து விற்கப்பட்டதே. விலைகொடுத்து வாங்குபவர் இருக்கும் வரை பொந்துகள் சூறையாடப்படும். அவ்வுயிர்களை அவற்றின் இடத்திலேயே விட்டுவைப்பதுதான் அவற்றுக்கு நாம் செய்யும் உதவி.

நிறைவாக

ஆற்றையும் காட்டையும் காட்டுயிரையும் பேணுவதும், உயிர்களிடம் இரக்கம் காட்டுவதும் குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு கூறுகிறது. இரக்கம் உணர்ச்சியோடு நின்றுவிடக் கூடாது. பிறந்தநாள் பரிசாக நாய்க்குட்டி வாங்கித் தருவதற்கு ஒருநாள் அன்பு போதும். அதற்கு ஆண்டுதோறும் ஊசி போடவும், நாள்தோறும் நடத்திச் செல்லவும், முதுமையில் நோயுறும்போது உடனிருக்கவும் பத்தாண்டுகளுக்கும் மேலாக நீளும் பொறுப்புணர்வு வேண்டும். தெருவில் இன்று காணும் நாய்களுள் சில, அப்பொறுப்பைத் தாங்காதவர்கள் இறக்கிவிட்டுச் சென்றவை.

விலங்கின் கழுத்தைச் சுற்றிய கயிற்றின் மறுமுனை மனிதரின் கையில் உள்ளது. அதனை விட்டுவிடாமலும் இறுக்கிவிடாமலும் பிடிக்கக் கற்றுத்தருவதே விலங்கு வளர்ப்பு விதிகளின் நோக்கமாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதி உள்ளாட்சி அமைப்பில் வளர்ப்பு விலங்குகளுக்கு உரிமம் பெறும் நடைமுறையைக் கேட்டறிந்து, படிநிலைகளாக எழுதி வகுப்பறையில் ஒட்டுக.
2. உங்கள் தெருவிலுள்ள நாய்களுள் காதில் வெட்டு அடையாளம் உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை எனத் தொலைவிலிருந்து கணக்கிட்டு, கருத்தடைப் பணி மேற்கொள்ள வேண்டி உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.
3. ‘தெருநாய்களைக் காப்பகங்களில் அடைப்பதே தீர்வு’ என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் பேசுக.
4. மாடு, ஆடு, நாய் ஆகியவற்றைக் கட்டவும் அடைக்கவும் உங்கள் வட்டாரத்தில் வழங்கும் சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.